லோக்கல் வண்டி வழியாக லாரிக்குத் திரும்புதல்

லாரியை விட்டு இறங்கியவர்கள் மறுபடியும் ஏற நினைக்கும்போது முதலில் தேடுவது லோக்கல் வேலையைத்தான். பெங்களூரில் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், ஆனேபாளையம், ஈஜிபுரா என்று தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் இது நாள்பட்ட கேள்வி. தொலைதூர லைன் ஓட்டிக்கொண்டிருந்தவர் பெற்றோரின் நோய், பிள்ளைகளின் படிப்பு, ஒரு விபத்து, முதலாளி வண்டியை விற்றுவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் சில வருடங்கள் விலகிவிடுகிறார். ஆட்டோ ஓட்டுகிறார், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். பிறகு அந்த வருமானம் கட்டுபடியாகாமல், தெரிந்த தொழிலுக்கே திரும்பலாம் என்று தோன்றுகிறது. நேராக நாக்பூருக்கோ கொல்கத்தாவுக்கோ போகும் வண்டியில் ஏற வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், உடம்பும் உடனே ஒத்துழைக்காது. நகருக்குள்ளேயே சரக்கை எடுத்து, நகருக்குள்ளேயே கொடுத்து, இரவில் வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் வேலை நடுவழியாகத் தெரிகிறது. இந்த யோசனை சரிதானா என்றால், சரிதான் என்பதே என் முடிவு. ஆனால் எந்த வண்டி, அது யாருடைய வண்டி என்ற இரண்டையும் பார்க்காமல் ஏறுகிறவர் லாரிக்குத் திரும்புவதில்லை, வேறொரு தொழிலுக்குப் போய்விடுகிறார். நகரத்தில் அதிகம் பேர் ஏறுவதும் அந்தத் தவறான வண்டியில்தான்.

விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ்லைஃப் பவுண்டேஷன் பெங்களூரு உட்பட 10 நகரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் எடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் சராசரியாக ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். 84 விழுக்காட்டினர் தம் உறவினர் யாருக்கும் இந்தத் தொழிலைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அதன்பிறகும் நெருக்கடி குறையவில்லை. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் 2018 ஏப்ரலில் வந்தபோது, அது செல்லுபடியாக நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று இருந்த கணக்கு, 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டர் ஆனது. சரக்கோடு போகும் காகிதத்துக்கே காலக்கெடு இருக்கும்போது, அந்த அவசரம் கடைசியில் ஓட்டுநரின் தூக்கத்தில்தான் வந்து விழும். 2024 ஜனவரி முதல் வாரத்தில், விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் போகும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டம் கூடி அடிக்குமோ என்று பயந்து ஓடுகிறவனையும் குற்றவாளியையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கிறது என்ற அச்சம் ஓட்டுநர்களிடம் இன்றும் இருக்கிறது. 22 லட்சம் ஓட்டுநர்கள் தேவைப்படுகிறார்கள் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவருகிறார். ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பற்றாக்குறை வானத்திலிருந்து விழவில்லை. லைசென்ஸ் வைத்திருந்தும் ஓட்ட விரும்பாதவர்கள் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள், அவர்களைத் திரும்ப அழைக்க நகர வேலையைவிட நல்ல வாசல் வேறில்லை.

அமெரிக்காவில் இந்த வாசல் பழையது. அங்கே பல கடைக்காரர்களின் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் கம்பெனிகளில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும்: இரவில் ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு ஓட்டுவது, பகலில் ஊருக்குள் எடுத்துக் கொடுப்பது. தொழிலை விட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பகல் வேலை ஏற்றதாக இருக்கிறது. அண்மைக்கால அனுபவம் கேட்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குக் காட்ட ஒரு கணக்கும் சேர்ந்துவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே ஊருக்குள் ஓடும் வண்டியும் பெரும்பாலும் டிரெய்லர்தான், நீளம் மட்டும் குறைவு. அதே லைசென்ஸ், அதே ஏர் பிரேக், அதே ரிவர்ஸ். ஆகவே ஒரு வருடம் லோக்கல் ஓட்டியவர் லைன் வண்டிக்குத் தயாராக இருப்பார். இந்த யோசனையை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவந்தால் பாதி வழியில் நின்றுவிடும். காரணம், இங்கே ஊருக்குள் ஓடுவதில் பெரும்பகுதி லாரியே இல்லை.

2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் ஆட்கள் அதைச் சின்ன யானை என்றார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பிக்கப் இன்னொரு பக்கம். இவை பெருகியதற்கு விலை மட்டும் காரணமில்லை, சட்டமும் வழிவிட்டது. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. ஓட்டுநர் விஷயத்திலும் தளர்வு வந்தது. கார் ஓட்டும் இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017இல் சொன்னது. காப்பீட்டுக் கம்பெனிகள் அதை எதிர்த்துப் போராடியும், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6இல் அதையே உறுதிசெய்தது. தீர்ப்பு நியாயமானது, கார் லைசென்ஸோடு சின்ன யானை ஓட்டிப் பிழைக்கிற லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதன் பொருளாதார விளைவை யாரும் ஓட்டுநரிடம் சொல்வதில்லை. எந்த வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாமோ, அந்த வண்டியில் பழைய அனுபவத்துக்குக் கூலி கிடையாது. பத்து வருடம் டாரஸ் கனரக லாரி ஓட்டியவரும் போன மாதம் கார் லைசென்ஸ் எடுத்த பையனும் அந்த சீட்டில் ஒன்றுதான்.

அந்த சீட்டுக்கு இன்று வேலை கொண்டுவருவது பெரும்பாலும் செயலிகள். 2014இல் தொடங்கிய போர்ட்டர் முதல் பல நிறுவனங்கள் பெங்களூரில் இந்த வேலையை நடத்துகின்றன. வீடு மாற்றுகிறவருக்கும் சிவாஜிநகர் கடைக்காரருக்கும் இது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஓட்டுநருக்கும் புரோக்கர் தொல்லை இல்லை, பணம் சீக்கிரம் வருகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் வண்டி ஓட்டுநருடையது. அதாவது கடன் ஓட்டுநருடையது. டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, பார்க்கிங் அபராதம், காலியாகத் திரும்பும் கிலோமீட்டர் எல்லாம் அவர் தலையில். மாதத் தவணை தேதி மாறாது, வேலை மட்டும் கூடும் குறையும். இதைச் சுதந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு: நினைத்த நேரம் ஆன் செய்யலாம், நினைத்த நேரம் ஆஃப் செய்யலாம் என்கிறார்கள். கையில் கடன் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அது உண்மை. தவணை கட்டுகிறவர் ஆஃப் செய்யும் நேரத்தைத் தவணைதான் முடிவு செய்கிறது. கடன் முடியும் நான்கைந்து வருடத்துக்கு அவர் அந்த வண்டியை விட்டு இறங்க முடியாது. பெரிய வண்டிக்குத் திரும்பலாம் என்று தொடங்கியவருக்கு அதுவே வழியை அடைத்துவிடுகிறது. சிறு வியாபாரியாக ஆக நினைப்பவர் தாராளமாக வாங்கட்டும். ஓட்டுநராகத் திரும்ப நினைப்பவர் வாங்க வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்றொரு வழி பார்சல் ஆபீஸ். கலாசிபாளையத்தைச் சுற்றியும் நகரின் வெளிவட்டத்திலும் இருக்கும் பார்சல் கம்பெனிகள்தான் நம் ஊரில் அந்த அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மிக அருகில் வருபவை. 1976இல் ஒரே லாரியோடு விஜய் சங்கேஷ்வர் தொடங்கிய வி.ஆர்.எல்., ஹூப்ளியை மையமாக வைத்து இந்த முறையில்தான் வளர்ந்தது. இரவு லைன் வண்டி வந்து கிடங்கில் கொட்டும். காலையில் 14 அடி, 17 அடி, 19 அடி வண்டிகள் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போகும். மாலையில் புது பார்சல்களை வாரிக்கொண்டு திரும்பும். இதில் ஒரு நல்ல லோக்கல் ஓட்டுநரின் அறிவு எங்கே தெரியும் என்றால் வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே தெரியும். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். பொம்மசந்திராவில் இறங்க வேண்டிய இரும்புப் பெட்டி கதவோரம் இருந்தால், வில்சன் கார்டனில் துணி மூட்டை எடுக்க அதை நடுரோட்டில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டிவரும். கனமானது அடியிலும் அச்சின் மேலும் இருக்க வேண்டும். எண்ணெய் டின்னும் ஜவுளியும் ஒட்டக்கூடாது. ஒவ்வொரு எல்.ஆர். ரசீதிலும் பணம் கட்டியாயிற்றா, வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டுமா என்று பார்த்து அடுக்க வேண்டும். இறக்கியதும் கடைக்காரரின் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும், ஒரு பீஸ் குறைந்தாலும் அங்கேயே எழுதி வாங்க வேண்டும். பிறகு ஜான்சன் மார்க்கெட் பக்கத்துச் சந்துக்குள் 17 அடி வண்டியை ரிவர்ஸில் விடுவது. முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்ற அளவுணர்வை நெடுஞ்சாலை கற்றுத்தருவதைவிட இந்தச் சந்துகள் நன்றாகக் கற்றுத்தரும்.

விட்டுப் போன வருடங்களில் வண்டியே மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. பெரிய டீசல் வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவத்துக்குத் தனி டேங்க்; அது தீர்ந்தால் அல்லது சென்சார் கெட்டால் எஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பழைய ஓட்டுநர் காதால் கேட்டுக் கண்டுபிடித்த கோளாறுகளில் பலவற்றை இன்று டேஷ்போர்டு விளக்கில் படிக்க வேண்டும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். கம்பெனி வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பது ஆபீஸில் திரையில் தெரியும். 2025இலிருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பது நல்ல மாற்றம். பாதித் தூக்கத்தோடு ஓட்டுகிறவனின் உடம்புக்கு அது ஆடம்பரம் இல்லை. இந்த மாற்றங்களை ராய்ப்பூர் போகும் வழியில், இரவில், தனியாக முதன்முதலாகச் சந்திப்பதைவிட, மெக்கானிக் ஒரு போன் தூரத்தில் இருக்கும் நகரத்துக்குள் பழகிக்கொள்வது எத்தனையோ மேல்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் பலர் கவனிக்காமல் இடறுகிறார்கள். லைசென்ஸ் கார்டை எடுத்துப் பார்த்தால் காலாவதித் தேதி இரண்டு இருக்கும்: சொந்த வாகனத்துக்கு ஒன்று, போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று. முதல் தேதி நீண்ட தூரத்தில் இருக்கும். இரண்டாவது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம் மட்டுமே. அது முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். முன்பு இந்தச் சலுகைக் காலம் ஐந்து வருடமாக இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பால் சின்ன யானைக்கு இரண்டாவது தேதி தேவைப்படுவதில்லை என்பதால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தினமும் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டே இருப்பவரின் ஹெவி லைசென்ஸ் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. பிறகு லாரி முதலாளியிடம் போனால் அவர் வண்டி கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது: காலாவதியான லைசென்ஸோடு விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை முதலாளியிடம் வசூலிக்கக் காப்பீட்டுக் கம்பெனி வருவது வழக்கமாக நடக்கிறது. ஆகவே திரும்ப நினைப்பவர் வண்டி தேடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதே முறை. நீலசந்திராக்காரர்களுக்குக் கோரமங்களா அலுவலகம் பக்கம்தான். டாக்டர் கையெழுத்திடும் 1-ஏ படிவத்தை வெறும் சடங்காக்காமல் கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்வதும் அப்போதே நடக்கட்டும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டால் அது வெட்கப்பட வேண்டியதில்லை.

லோக்கலில் காசு இல்லை என்பது முதல் ஆட்சேபம். லைன் ஓட்டுகிறவருக்குச் சம்பளத்தோடு பேட்டா உண்டு. வண்டி ஓடிய கிலோமீட்டருக்கோ டிரிப்புக்கோ கணக்கு உண்டு. லோக்கலில் மாதச் சம்பளமும் சின்னப் படியும்தான். மாதக் கடைசியில் கையில் வாங்கும் தொகையை மட்டும் பார்த்தால் ஆட்சேபம் சரி. ஆனால் லைன் வண்டியில் வரும் பேட்டாவில் வழிச் சாப்பாடு, குளியல், மாமூல், லோடுக்காகக் காத்திருக்கும் நாட்கள் போக மீதி எவ்வளவு என்று எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. காத்திருக்கும் நாளைக் கணக்கில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும், மறையாது. குடும்பத்தோடு இருப்பதற்கு அந்த இடைவெளியை விலையாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் ஏமாறுவது வேறு. இதைவிடக் கனமான ஆட்சேபம் உடம்பைப் பற்றியது. லோக்கல் வேலை லேசான வேலை இல்லை. கிளட்சை மிதிக்கும் கணக்கே போதும், நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் முப்பது இடத்தில் ஏறி இறங்க வேண்டியிருந்தால், இறக்குகூலி ஆள் வராத இடத்தில் ஓட்டுநரே மூட்டைக்குத் தோள் கொடுக்க வேண்டியிருந்தால், முதுகு வலியால் லைனை விட்டவருக்கு இது மருந்தாகாது. தூக்கம் கெட்டு விலகியவருக்கும், வீட்டுக்காக விலகியவருக்கும் லோக்கல் பொருந்தும். முதுகும் முழங்காலும் போனவர் சேரும் முன்பே, இறக்க ஆள் உண்டா என்று வாய் திறந்து கேட்டுவிட வேண்டும்.

சட்டப் பாதுகாப்பிலும் பார்சல் ஆபீஸும் செயலியும் ஒன்றல்ல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளிகளை அது தொடவில்லை, தொட்ட இடத்திலும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அது கலந்துவிட்டது. கம்பெனியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, ஓட்டுநர் குடும்பத்துக்கு அது பேட்டாவைவிடப் பெரிது. செயலி வழி ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் இல்லாமல் இருந்தது. கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம் அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்புகிறது: தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனம் நலநிதிக்குக் கட்ட வேண்டும், ஒருவரை வேலையிலிருந்து நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் வேண்டும். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் வண்டிக் கடனையோ கிடைக்கும் வாடகையின் அளவையோ அது தொடவில்லை. இந்த நலநிதியில் ஒரு பகுதியை, ஹெவி லைசென்ஸ் காலாவதியானவர்கள் மறுதேர்வில் ஓட்டிக்காட்டவும் சில நாள் பெரிய வண்டியில் பயிற்சி பெறவும் கொடுத்தால், ஓட்டுநர் இல்லை என்று புலம்பும் தொழிலுக்கும் அது உதவும். இன்று அந்தச் செலவை வேலை இல்லாதவர் தன் கையிலிருந்து போடுகிறார்.

நகரத்துக்குள் ஓட்டியவனுக்கு நெடுஞ்சாலை தெரியாது என்ற ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் லோக்கலிலிருந்து நேராகத் தொலைதூர லைனுக்குத் தாவக் கூடாது என்கிறேன். நீலசந்திராவில் இருப்பவருக்கு நடுப்படி ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஓசூர் ரோடு வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் தொடர்ச்சியாக நிற்கின்றன. மாநில எல்லை தாண்டினால் ஓசூர். டி.வி.எஸ்., லேலண்ட் ஆலைகளுக்கு உதிரிபாகம் கொண்டுபோகும் வண்டிகள் காலையில் ஏற்றி மாலையில் திரும்பும். தமிழும் கன்னடமும் உருதும் கொஞ்சம் இந்தியும் பேசத் தெரிந்த நீலசந்திரா ஓட்டுநர், எல்லைக்கு இரண்டு பக்கமும் கேட் செக்யூரிட்டியோடும் கிடங்கு ஆளோடும் தகராறில்லாமல் பேசுவார். இந்த ஓட்டத்தில் அது சம்பளத்துக்குச் சமமான தகுதி. பெரிய வண்டிகள் நகருக்குள் நுழைய இருக்கும் நேரத்தடையை நீக்குவதையும் ஒரு கோரிக்கையாக வைத்து 2025 ஏப்ரலில் கர்நாடக லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள் என்பதைப் பார்த்தால், தடை நேரத்துக்கு முன் வெளியேறி, தடை முடிந்தபின் உள்ளே வரும் கணக்குத் தெரிந்த உள்ளூர் ஆளுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று புரியும். அடுத்து கிருஷ்ணகிரி, அதற்கடுத்து தருமபுரி தாண்டிச் சேலம். அந்த வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. எத்தனை வண்டிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளில் மோதியிருக்கின்றன என்பது அந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும். லோடோடு இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவதை எந்த நகரச் சந்தும் கற்றுத்தராது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற கெட்ட பழக்கமும் அங்கேதான் உயிரைக் கேட்கும். திரும்பி வருகிற ஓட்டுநர் அந்த இறக்கத்தை முதல் இரண்டு தடவையாவது பகலில், பக்கத்தில் அனுபவசாலி ஒருவரோடு இறங்க வேண்டும். அதற்கு இரண்டாவது ஆளின் படியைக் கொடுக்க முதலாளி தயங்கினால், அந்த வண்டியை மறுத்துவிடலாம்.